பிறைக்கு மேல் ஒரு புள்ளி

பாண்டிச்செல்வியைப் பற்றி எங்கள் கம்பெனியில் இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றன. தலைக்கனம் ஏறிப்போய்த் துணியைக் கோணலாக வெட்டி, கம்பெனி மானத்தை வாங்கியவள் என்பது ஒன்று. பாவம், கண் மங்கியிருக்கும், சொல்லாமல் மறைத்திருப்பாள் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். முதல் கதையைச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம். இரண்டாவது கதையை உச்சுக்கொட்டிக்கொண்டே சொல்கிறவர்கள்மேல் அதைவிடக் கோபம். அவளுக்குக் கண் என்னைவிட நன்றாகத் தெரியும்.

என் பெயர் காந்திமதி. சொந்த ஊர் மணிமங்கலம். ஒரகடத்தில் கிளாஸ் ஃபைபர் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் ரூமில் இருக்கிறேன். நல்ல பொருளை உடைத்துப் பார்ப்பது என் வேலை. வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். “உடைக்கதுக்குச் சம்பளம் வாங்குத ஒரே ஆளு நீதான் மதி” என்று பாண்டிச்செல்வியும் சொல்வாள். அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

எங்கள் கம்பெனி செய்வதில் முக்கியமானது பஸ் டிரைவர் சீட்டுக்கு அடியில் போகும் ஒரு பட்டை. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்தப் பட்டை வளைந்து, மறுபடி நிமிரும். நம் ஊர் ரோட்டில் அதற்கு ஓய்வு ஏது. இரும்பில் செய்தால் கனம் என்று கண்ணாடி நூல் துணியில் செய்கிறார்கள். துணியைப் பட்டை அளவுக்கு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் வைத்து, ரெசின் என்கிற பசையை ஊற்றி வேகவைத்தால் பட்டை ரெடி.

காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவளுக்குப் பாவு எது, ஊடை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கண்ணாடித் துணியும் தறியில் நெய்ததுதான். அதன் பலமெல்லாம் நூல் ஓடுகிற திசையில் இருக்கிறது. பட்டையின் நீளவாட்டில் நூல் படுத்திருந்தால் வளைகிற பாரத்தை நூல் வாங்கிக்கொள்ளும். துணியைக் கோணலாக வெட்டிவிட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நூல்கூட முழுசாக ஓடாது. நூல் சுமக்க வேண்டியதைப் பசை சுமக்கும். ஒரு தரம் அழுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கோணல் பட்டையும் சமர்த்தாக நிற்கும். திரும்பத் திரும்ப வளைக்கும்போதுதான் உள்ளே முடி கனத்துக்கு விரிசல் விட்டு, பால் சிந்தின மாதிரி வெள்ளை பூத்து, அடுக்குப் பிரிய ஆரம்பிக்கும். இதைப் பார்க்க என் ரூமில் ஒரு மெஷின் இருக்கிறது. பட்டையைக் கவ்விக்கொண்டு நாள் கணக்கில் ஆட்டிக்கொண்டே இருக்கும். இஞ்சினியர்கள் அதற்கு ஃபட்டீக் டெஸ்ட் என்பார்கள். நாங்கள் டயர்டு டெஸ்ட் என்போம்.

ஆகவே எல்லாம் வெட்டுகிற மேசையில் இருக்கிறது. துணியின் நீளவாட்டில் இடைவெளி விட்டு ஒவ்வொரு நீல நூல் ஓடும். மேலே வைத்து வெட்டும் அலுமினியத் தகட்டில் ஓர் அம்பு இருக்கும். அம்பு நீல நூலின்மேல் படுத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரியில் கை வைக்க வேண்டும்.

அந்த மேசை பாண்டிச்செல்வியுடையது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஏதோ ஊர். அங்கே தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், ஊர்ப் பெண்கள் சிலரோடு இங்கே வந்தாள். கண்ணாடித் தூசி மேலே பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். கூட வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் போனார்கள், நாலு ஆம்பிளைகளும் வந்து ஓடிப்போனார்கள். இவள் பழைய சாக்ஸின் நுனியை வெட்டி முழங்கைவரை மாட்டிக்கொண்டு நின்றாள். ஷிப்ட் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் கை கழுவுவாள், வெந்நீர் பட்டால் தூசி உள்ளே இறங்கும் என்பாள். ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கையில் இருந்த தடிப்பைப் பார்த்துவிட்டுக் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். “அவியளுக்குக் கைதான் வேணும்னா கடையில வாங்கிக்கிடட்டும்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெட்டுகிற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பட்டைக்கு வேண்டிய துண்டுகளை அடுக்கி முடித்ததும், ஒவ்வொருத்தியும் மேல் துண்டின் ஓரத்தில் தன் மார்க்கை மெழுகுப் பென்சிலால் போட்டு அனுப்புவாள். ஒருத்திக்கு நட்சத்திரம், ஒருத்திக்கு இலை. ரெசின் ஊறியதும் துணி கண்ணாடியாகத் தெளிந்துவிடும், மார்க் மட்டும் உள்ளே அப்படியே நிற்கும். பாண்டிச்செல்வியின் மார்க் ஒரு பிறை, அதற்கு மேல் ஒரு புள்ளி. அந்த மார்க் இருந்தால் செக்கிங்கில் அடுக்கைப் பிரிக்கவே மாட்டார்கள். “பிறையா, அனுப்பு” என்பார் சூப்பர்வைசர் மோகன்ராஜ். டயர்டு டெஸ்டுக்குச் சாம்பிள் எடுப்பதும் மற்றவர்கள் அடுக்கிலிருந்துதான். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. அவள் கையின்மேல் எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை.

இசக்கிசெல்வியை ஊரிலிருந்து கூட்டிவந்தது பாண்டிச்செல்விதான். ஒரே தெரு. டெய்லர் வேலை பார்த்தவள், வீட்டுக்காரன் இன்னொருத்தியோடு போய்விட்டான். மெஷினை விற்றுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை இவள் போய் எழுப்பி, இருங்காட்டுக்கோட்டையில் தன் ரூமிலேயே வைத்துக்கொண்டாள். சோறு ஒரே சட்டியில். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு. மேசையில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

“அம்பு நீல நூல் மேல படுக்கணும். ஒரு நூல் தள்ளுனாலும் தப்புதான். அடுக்குல மேல வைக்கிற துண்டப் பிசிறு இல்லாம வையி, மேல இருக்கதுதான் கண்ணுல படும்.”

“சரிக்கா” என்றாள் இசக்கி. அவள் எல்லாவற்றுக்கும் சரிக்கா சொல்கிறவள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் செக்கிங் கடுமை. ஒவ்வொரு அடுக்கையும் பிரித்து, பிசிறு, அளவு எல்லாம் பார்ப்பார்கள். இசக்கியின் அடுக்குகள் அடிக்கடித் திரும்பி வந்தன. இன்னும் கொஞ்சம் திரும்பினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ரூமில் இசக்கி அழுத அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். “அழாதட்டி. கை பழகுத வரைக்கும் என் மார்க்கப் போட்டுக்கோ. நான் பொழுதுக்கும் ஒரு பார்வை பாத்துக்கிடுதேன்” என்று சொல்லியிருக்கிறாள் பாண்டிச்செல்வி. இதை என்னிடம் சொன்னபோதே நான் வேண்டாம் என்றேன். “நீ உடைக்குதவ, ஒனக்கு எல்லாம் உடையும்னுதான் தோணும்” என்று என் வாயை அடைத்துவிட்டாள். ஒரு டீ நேரத்தில் இசக்கி குனிந்து பிறை போட்டுக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் இருவருக்கும் வேறு வேறு ஷிப்ட் ஆனது. பொழுதுக்கும் ஒரு பார்வை என்பது அத்தோடு நின்றது. பிறை மட்டும் நிற்கவில்லை. எல்லா ஷிப்ட் அடுக்கும் ஒன்றாகக் கலந்துதான் செக்கிங்குக்குப் போகும், யார் வெட்டியது என்று மார்க்கை வைத்துத்தான் தெரியும்.

ரோல் முடிகிற இடத்தில் எப்போதும் ஒரு குட்டைத் துண்டு மிஞ்சும். தகட்டை நேராக வைத்தால் இடம் பற்றாது. தூக்கிக் கழிவுத் தொட்டியில் போடுவதுதான் முறை. ஆனால் மூலைக்கு மூலை வைத்தால் பற்றும். ரவிக்கைத் துணியில் கை வெட்டுவதற்கு இடம் தேடிய எந்த டெய்லருக்கும் அது கண்ணில் படாமல் போகாது. அதுவும் கிராஸ் கட்டிங் என்றால் டெய்லருக்குப் பெருமை, துணி இழுத்துக் கொடுத்து உடம்பில் ஒட்டி நிற்கும். இசக்கி குட்டைத் துண்டுகளை மூலைக்கு மூலை வெட்டினாள். அச்சு வளைவில் அவை வழுக்கிக்கொண்டு உட்கார்ந்ததால் அச்சுப் பகுதிக்காரர்களும் சந்தோஷப்பட்டார்கள். கழிவுத் தொட்டி காலியாகக் கிடந்தது. “இன்னாம்மா, உன் ஷிப்ட்ல மட்டும் வேஸ்டே காணோம்?” என்று மோகன்ராஜ் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். துணி எங்கே போகிறது என்று அந்த மனிதர் கேட்கவில்லை. கேட்காமலிருந்தால்தான் நல்லது என்று அவருக்குத் தெரியும் என்பது என் கணிப்பு.

மழைக்காலம் முடிந்து ரோடெல்லாம் குண்டும் குழியுமாக ஆனபோது பட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு டிரைவருக்கு ஓடுகிற வண்டியிலேயே சீட் ஒருபக்கம் சரிந்து இடுப்பு பிசகிவிட்டது. வந்த பட்டை எல்லாவற்றிலும் பிறையும் புள்ளியும்.

தர நிர்வாகி சண்முகப்ரியா மேடம் விஷயம் தெரிந்தவர். ஒரு பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “உள்ள இழை திரும்பியிருக்கு காந்திமதி. எரிச்சுப் பாத்துடலாம்” என்றார். உலையில் வைத்தால் பசை எரிந்துவிடும், கண்ணாடித் துணி மட்டும் அடுக்கடுக்காக மிஞ்சும். அவர் சொன்ன மாதிரியே இருந்தது. பிற்பகலில் விசாரணை, சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் நான் பாண்டிச்செல்வியை டெஸ்ட் ரூமுக்குக் கூட்டிவந்து காட்டினேன். அவள் இடுக்கியால் ஒவ்வொரு அடுக்காகத் தூக்கினாள். முதலாவது நேர். அடுத்தது கோணல். அதற்கடுத்ததும் கோணல்.

“கோட்டிக்காரி. கிராஸ் போட்ருக்கா பாரு, ரவிக்கைக்குப் போடுத மாதிரி” என்று சிரித்தேவிட்டாள். “நாந்தான் சரியா வெளங்கச் சொல்லல போல. மேடத்துகிட்ட சொல்லுதேன். தெரியாமப் பண்ணிட்டா.”

சொல்லிக்கொண்டே கடைசி அடுக்கைத் தூக்கினாள். அது நேர். இடுக்கி அப்படியே நின்றது. அவள் முதல் அடுக்கை எடுத்து மறுபடி பார்த்தாள். எரித்த இன்னொரு பட்டையையும் பிரித்தாள். அதிலும் மேலே நேர், கீழே நேர், கோணல் எல்லாம் நடுவில்.

“தெரியாமப் பண்ணிருந்தா கலந்துல்லா கெடக்கும்” என்றாள்.

  கோணலாக வெட்டியது அறியாமை என்றே வைத்துக்கொள்ளலாம். நேர்த்துண்டைத் தேடி எடுத்து மேலும் கீழும் வைத்து மூடியது அறியாமை இல்லை. மூடிவிட்டு அதன்மேல் இன்னொருத்தியின் பிறையைப் போட்டது எதில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை வாயில் வரவில்லை, வருகிற வார்த்தைகளை எழுத முடியாது.

“அவளே சொல்லிருவா மதி” என்றாள் பாண்டிச்செல்வி, கையில் ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டு. “கேட்டா சொல்லிருவா. என் மொகத்துக்கு நேரா அவளால முடியாது.”

வேலை போகும் என்பதுகூட அவளுக்கு அப்போது பெரிதாக இல்லை. இத்தனை வருஷம் நின்ற மேசையிலிருந்து, கோணலாக வெட்டியவள் என்ற பெயரோடு இறங்கக் கூடாது. அதற்கு இசக்கி வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். அவ்வளவுதான் அவள் எதிர்பார்த்தது.

விசாரணைக்குச் சண்முகப்ரியா மேடம், மோகன்ராஜ், பாண்டிச்செல்வி, இசக்கி, சாம்பிளோடு நான். மேசைமேல் எரித்த அடுக்குகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

“இந்த மார்க் யாருது?” என்றார் மேடம்.

“என் மார்க்தான் மேடம்” என்றாள் பாண்டிச்செல்வி. “ஆனா இது நான் வெட்டுனது இல்ல. கை பழகுத வரைக்கும் போட்டுக்கோன்னு இசக்கிக்கு நான்தான் குடுத்தேன்.” இசக்கி பக்கம் திரும்பினாள். “சொல்லுட்டி. ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நான் இருக்கேன்லா.”

அந்த நேரத்திலும் ‘நான் இருக்கேன்’ என்றுதான் சொன்னாள்.

இசக்கி தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாக, குரல் நடுங்காமல் சொன்னாள். “எனக்குன்னு மார்க் இருக்கே மேடம். நான் எதுக்கு அக்கா மார்க்கப் போடணும்?”

“நான் பாத்தேன் மேடம்” என்றேன் நான். “டீ டைம்ல இவ பிறை போட்டுகினு இருந்தத என் கண்ணால பாத்தேன்.”

“இவங்க ரெண்டு பேரும் ஃபிரண்டு மேடம், அப்பிடித்தான் பேசுவாங்க” என்றார் மோகன்ராஜ். “எனக்கு மார்க்தான் கணக்கு. யாரு மார்க்கோ அவங்கதான் பொறுப்பு.”

“இவ ஷிப்ட்ல வேஸ்ட் கொறைஞ்சுதுன்னு மெச்சிக்கினது யாரு சார்?” என்று கேட்டேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

சண்முகப்ரியா மேடம் எரித்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். அவருக்கு உண்மை ஓரளவு பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். “பாண்டிச்செல்வி, நீங்க சொல்றது பொய்யா இருந்தா நீங்க தப்பா வெட்டியிருக்கீங்க. நிஜமா இருந்தா, உங்க மார்க்க நம்பித்தான் நாங்க செக் பண்ணாம அனுப்பினோம், அத நீங்க இன்னொருத்தருக்குக் குடுத்திருக்கீங்க. எனக்கு ரெண்டாவதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு” என்றார்.  பாண்டிச்செல்வியை நிறுத்தினார்கள். மோகன்ராஜுக்கு ஒரு எச்சரிக்கை. இசக்கிக்கு ஒன்றுமில்லை.

பாண்டிச்செல்வி சாக்ஸுகளைக் கழற்றி மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்து யாரோ துடைப்பதற்கு வைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவளை நான் பார்த்தது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், அவள் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது. படப்பைப் பக்கம் அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனியில் இருக்கிறாளாம். கையில் தடிப்பெல்லாம் ஆறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

“அவகிட்ட நீ கேக்கவே இல்லியா?” என்றேன்.

“கேட்டேன்” என்றாள். “அன்னைக்குச் சாயந்தரம் ரெண்டு பேருக்கும் பரோட்டா வாங்கிட்டு வந்தா மதி. எப்பமும் போல. சாப்பிடுக்கான்னு பிரிச்சு வச்சா. ஏன் பொய் சொன்னன்னு நான் கேக்கல. பயம், சொல்லிட்டா. புருசன் போனவ, இந்த வேலையும் போனா எங்க போவா. அது எனக்கே தெரியுது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நேர்த்துண்ட மேல வைக்கணும்னு எப்பம்ட்டி ஒனக்குத் தோணிச்சுன்னு.”

“இன்னா சொன்னா?”

“நீதானக்கா சொல்லிக்குடுத்த, மேல இருக்கதுதான் கண்ணுல படும்னு. அப்பிடின்னா.” பாண்டிச்செல்வி ரயில்வே கேட் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எங்கய்யா செத்தன்னைக்குக்கூட எனக்கு இப்பிடி இருந்ததில்ல. ஏமாத்திட்டா மதி. நான் சொல்லிக்குடுத்ததையே வச்சு ஏமாத்திட்டா.”

ஆட்டோக்காரர் இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று கூவிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்பம் மேசைய யாரு பாக்கா?” என்று கேட்டாள்.

“இசக்கிதான்.”

“நேரா வெட்டுதாளா?”

“நேராத்தான் வெட்டறா. குட்டைத் துண்டெல்லாம் தொட்டிக்குப் போயிடுது. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கும் அவதான் சொல்லித் தரா.” சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அவளிடம் மறைக்கிற ஆள் இன்னொருத்தி வேண்டாம் என்று தோன்றியது. “மொதல் நாளே எல்லாரையும் நிக்கவெச்சு ஒண்ணு சொல்றா. எவ அழுதாலும், கூடப் பொறந்தவளே ஆனாலும், ஒங்க மார்க்க மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்கன்னு.”

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சரியாத்தான் சொல்லிக்குடுக்கா” என்றாள். “எனக்குத்தான் அதச் சொல்லித்தர ஆளில்லாமப் போச்சு.”

ஆட்டோவில் அந்தக் கடைசி இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.